தார்த் தளத்தில் ரிமோட் பந்தயக் கார்: பிடிமானத்தைச் சீரமைத்தல்

தொலையியக்க டூரிங் கார் என்பது சாலைக் கார்களின் வடிவத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வானொலி அலைகள் மூலம் தொலைவிலிருந்து இயக்கப்படும் பந்தயக் கார் ஆகும். பேச்சு வழக்கில் இது ரிமோட் கார் என்றும், பந்தய ஆர்வலர்களிடையே ஆர்.சி. கார் என்றும் அழைக்கப்படுகிறது. தார்த் தளத்தில் இக்கார் வழுக்காமலும் கவிழாமலும் வளைவுகளைக் கடக்கும்படி அதன் டயர், சுருள்வில், சக்கரக் கோணம் முதலியவற்றை மாற்றியமைப்பதே சீரமைத்தல் எனப்படும்.

புதிதாக வாங்கியவர்களில் பலர் கார் வளைவில் சுழன்று நிற்கும்போது, மோட்டாரின் திறன் போதவில்லை என்று எண்ணி விலை உயர்ந்த மோட்டாரை வாங்கிப் பொருத்துகின்றனர். அதன் பின் கார் இன்னும் அதிகமாகச் சுழல்கிறது. உண்மையில் குறை பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. நான்கு டயர்களும் தரையைப் பற்றும் விதத்தில் உள்ளது. அதைச் சரிசெய்யப் பணத்தைவிட அளவுகோலும் குறிப்பேடும் பொறுமையுமே அதிகம் தேவைப்படுகின்றன.

அமைப்பும் அளவுகளும்

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் காரின் அகலம் சுமார் 190 மி.மீ.; முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 257 மி.மீ.; மின்கலத்துடன் சேர்த்து எடை சுமார் 1.3 முதல் 1.5 கிலோ வரை. டயரின் விட்டம் ஏறத்தாழ 63 மி.மீ. பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் மோட்டாரின் விசை செல்கிறது. மேற்கூடு பாலிகார்பனேட் தகட்டால் ஆனது.

சப்பானின் தாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரான போர்ஷே 934 மாதிரியை 1976ஆம் ஆண்டு வெளியிட்டது. 1990களில் டூரிங் கார் வகை உலகெங்கும் பரவியது. இதே நிறுவனத்தின் டிடி-02 என்னும் மாதிரி இன்று தொடக்கநிலையினர் பலரும் பயன்படுத்தும் கார்களுள் ஒன்று. மோட்டாரின் விசை ஒரு தண்டின் வழியாக முன், பின் அச்சுகளுக்குச் செல்வதாலும், பற்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதாலும், தூசி நிறைந்த தளத்துக்கு இது ஏற்றது.

தமிழ்நாட்டுப் பின்னணி

தார்த் தளப் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட தளம் 1990இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் இறந்த அவரது நினைவாகவே, 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. அதே கோவையிலிருந்து சென்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த கார்களுடன் போட்டியிடும் ஃபார்முலா பாரத் நிகழ்வும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெற்று வருகிறது. அம்மாணவர்கள் பல இலட்சம் ரூபாய் செலவில் கட்டும் காரில் சந்திக்கும் அதே கேள்விகளை, ஒரு ரிமோட் காரை வைத்திருக்கும் பள்ளி மாணவரும் சந்திக்கிறார். காரின் அளவு மாறினாலும் விதிகள் மாறுவதில்லை.

பிடிமானத்தின் இயற்பியல்

வட்டப்பாதையில் செல்லும் பொருளுக்கு மையத்தை நோக்கிய விசை தேவை என்பது பள்ளிப் பாடம். காருக்கு அவ்விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் தேவைப்படும் முடுக்கம் கிடைக்கும்.

1.4 கிலோ எடையுள்ள கார், 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.9 மீட்டர். தேவையான முடுக்கம் சுமார் 12 மீ/வி². விசை சுமார் 17 நியூட்டன். காரின் எடையோ சுமார் 13.7 நியூட்டன்தான். ஆகவே உராய்வுக் குணகம் 1.2க்கு மேல் இருந்தால் மட்டுமே கார் அவ்வளைவில் நிற்கும். உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டாது என்று பலர் எண்ணுவதுண்டு. மென்மையான ரப்பர், சொரசொரப்பான தார்த் தளத்தின் மேடுபள்ளங்களுக்குள் படிந்து பற்றுவதால் அம்மதிப்பு ஒன்றைத் தாண்டவும் முடியும்.

இன்னொரு செய்தி சீரமைத்தல் முழுவதற்கும் அடிப்படையானது. வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ரப்பர் டயரின் மீது சுமை இரண்டு மடங்கானால் அதன் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே உயர்கிறது. எனவே உள்பக்கச் சக்கரம் இழக்கும் பிடிமானத்தை வெளிப்பக்கச் சக்கரத்தால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. முன் அச்சு, பின் அச்சு ஆகிய இரண்டில் எதில் எடைமாற்றம் அதிகமோ, அந்த அச்சு முதலில் பிடி தளரும். விறைப்பான சுருள்வில் உள்ள அச்சில் எடைமாற்றம் அதிகம். ஆகவே ஓர் அச்சை மென்மையாக்கினால் அங்கே பிடிமானம் கூடும், விறைப்பாக்கினால் குறையும்.

இருவகை வழுக்கல்

முன் டயர்கள் முதலில் வழுக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்லும். பந்தய வழக்கில் இது அண்டர்ஸ்டியர் எனப்படும். இக்கட்டுரையில் முன்வழுக்கல் என்று குறிக்கப்படுகிறது.

பின் டயர்கள் முதலில் வழுக்கினால் காரின் வால் வெளியே வீசப்பட்டு, கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இது ஓவர்ஸ்டியர் எனப்படும். இங்கே பின்வழுக்கல் எனக் கொள்வோம்.

வழுக்கல் எங்கே நிகழ்கிறது என்பதைப் போலவே எப்போது நிகழ்கிறது என்பதும் முக்கியம். வளைவில் நுழையும்போதா, நடுவிலா, விசை கொடுத்து வெளியேறும்போதா என்று பிரித்துக் கவனிக்க வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

சமவெளித் தளத்தின் இயல்பு

இணையத்தில் கிடைக்கும் சீரமைப்பு அட்டவணைகள் பல, உள்ளரங்கில் கம்பளம் விரித்த தளத்துக்கோ, நன்கு பராமரிக்கப்படும் வெளிநாட்டுப் பந்தயத் தளத்துக்கோ எழுதப்பட்டவை. கம்பளம் சமமானது, பிடிமானம் மிகுந்தது. அங்கே விறைப்பான சுருள்வில்லும் மிகத் தாழ்ந்த சேஸிஸும் பொருந்தும்.

திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. இங்கே பயிற்சிக்கு ஏற்றது, அனுமதி பெற்றுப் பயன்படுத்தும் வளாகத் தார்த் தளமோ வாகன நிறுத்துமிடமோதான். அத்தகைய தளத்தில் மூன்று இயல்புகளைக் காணலாம்.

முதலாவது, செம்மண் தூசி. டயருக்கும் தாருக்கும் இடையில் படியும் நுண்மணல் சிறு உருளைகள் போலச் செயல்பட்டுப் பிடிமானத்தைக் குறைக்கிறது. ஆடிக்காற்று வீசும் நாட்களில், பெருக்கிய தளத்திலும் ஒரு மணி நேரத்தில் மண் படிந்துவிடும்.

இரண்டாவது, வெப்பம். கோடை நண்பகலில் கருந்தார் மேற்பரப்பின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலையைவிட 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை கூடுதலாக இருக்கக்கூடும். காலை ஏழு மணிக்குச் சரியாக ஓடிய அதே கார், பதினொரு மணிக்கு வேறு கார் போல நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

மூன்றாவது, ஒட்டுத்தார். பள்ளம் மூடிய இடங்களும் பெயர்ந்த சல்லிகளும் சிறிய சக்கரத்துக்குப் பெரிய தடைகள். 10 மி.மீ. உயரமுள்ள மேடு பெரிய காருக்குப் பொருட்டன்று. பத்தில் ஒரு பங்கு காருக்கு அது 100 மி.மீ. மேட்டுக்குச் சமம்.

பொதுச்சாலையை அப்படியே பந்தயத் தளமாக்குவதன் சிக்கல் பெரிய கார்களுக்கும் உண்டு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் அத்தகையது. இதுபோன்ற தளத்தில் தொடக்கத்தில் பிடிமானம் குறைவாக இருக்கும். கார்கள் ஓட ஓடத் தூசி விலகி, டயர் ரப்பர் தளத்தில் படிந்து பிடிமானம் உயரும். ரிமோட் கார் ஓட்டுபவரும் முதல் பத்து நிமிட ஓட்டத்தை வைத்துக் காரை மாற்றத் தொடங்கிவிடக் கூடாது.

சீரமைக்கும் வரிசை

1. இயந்திர நலம்: எதையும் மாற்றும் முன் காரில் பழுது இல்லை என உறுதி செய்ய வேண்டும். சஸ்பென்ஷன் கைகள் தம் எடையாலேயே தடையின்றி கீழே விழ வேண்டும். மண் அடைத்திருந்தால் மென்தூரிகையால் நீக்க வேண்டும். சக்கர நட்டு, ஸ்டீயரிங் இணைப்பு, வளைந்த அச்சு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சேஸிஸின் முன் நடுப்பகுதியைக் கத்தி முனையால் மெல்ல உயர்த்தும்போது இரு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் சேஸிஸ் முறுக்கியுள்ளது அல்லது இடவல எடை சமமாக இல்லை. பின்புறமும் இவ்வாறே சோதிக்கலாம்.

2. டயர்: சீரமைப்பின் பெரும்பங்கு டயரில் உள்ளது. பந்தய டயர்கள் 28, 32, 36, 40 என ரப்பரின் கடினத்தன்மையைக் குறிக்கும் எண்களுடன் விற்கப்படுகின்றன. எண் கூடினால் ரப்பர் கடினமானது. குளிர்ந்த காலையில் மென்மையான டயரும், சூடான தளத்தில் கடினமான டயரும் பொருந்தும். சூடான தளத்தில் மிக மென்மையான டயர் விரைவில் சூடேறிப் பிசுபிசுத்துப் பிடி இழக்கும், தேய்ந்தும் போகும். நான்கும் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்ந்தவையாக இருப்பது நல்லது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஈரத்துணியால் தூசியைத் துடைத்து உலரவிட வேண்டும்.

3. தரை இடைவெளி: சேஸிஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள உயரம் இது. சமமான தார்த் தளத்தில் 5 முதல் 5.5 மி.மீ. வழக்கம். ஒட்டுத்தார் உள்ள இடத்தில் 6 அல்லது 7 மி.மீ. பாதுகாப்பானது. சேஸிஸ் தரையில் உரசும் கணத்தில் டயரின் மீதுள்ள சுமை குறைந்து, எந்தச் சீரமைப்பும் பயனற்றதாகிவிடும். தேவைக்கு மேல் உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து கார் சாயும். ஆகவே உரசாத மிகத் தாழ்ந்த உயரமே சரியான உயரம்.

4. தொங்கு நீளம்: சேஸிஸை மேலே தூக்கும்போது சக்கரம் தரையை விட்டு எழும் முன் அது உயரும் தூரம் தொங்கு நீளம் ஆகும். ஓட்டுநர்கள் இதை ட்ரூப் என்பர். மேடுபள்ளமான தளத்தில் இது சற்றுக் கூடுதலாக இருந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பற்றும். பின்பக்கத்தில் மிகுதியாக வைத்தால், வேகம் குறைக்கும்போது பின்பகுதி எழுந்து எடை முன்னே செல்லும்; முன்பிடி கூடும், பின்பிடி குறையும். இடம், வலம் ஒரே அளவாக இருத்தல் கட்டாயம்.

5. சுருள்வில்லும் ஷாக் எண்ணெயும்: தூசியும் மேடுபள்ளமும் உள்ள தளத்துக்கு மென்மையான சுருள்வில்லிலிருந்து தொடங்குவது நல்லது. ஷாக் அப்சார்பரில் உள்ள சிலிக்கோன் எண்ணெய் சுருள்வில்லின் துள்ளலை அடக்குகிறது. டூரிங் காரில் 350 முதல் 450 வரையிலான பாகுநிலை எண்கள் வழக்கத்தில் உள்ளன. வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலை குறைவதால், நண்பகல் ஓட்டத்துக்கு அடுத்த உயர்ந்த எண் தேவைப்படலாம். சில தொடக்கநிலைக் கார்களுடன் வரும் ஷாக்குகளில் எண்ணெய் இருப்பதில்லை. உராய்வு மட்டுமே உண்டு. முதலில் பணம் செலவிட வேண்டிய இடம் மோட்டார் அன்று, எண்ணெய் ஷாக்குகளே.

6. சக்கரக் கோணங்கள்: முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது எதிர் கேம்பர். 1.5 முதல் 2 பாகை வரை வழக்கம். டயரின் குறுக்கே தேய்மானம் சமமாக இருந்தால் கேம்பர் சரி. உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் கோணம் மிகுதி. மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதிகள் ஒன்றையொன்று நோக்கியிருப்பது டோ-இன். பின்சக்கரங்களுக்கு 2 முதல் 3 பாகை டோ-இன் காரை நிலையாக வைக்கும். தூசித் தளத்தில் 3 பாகை தொடக்கநிலையினருக்கு ஏற்றது. நேர்ச்சாலை வேகம் சிறிது குறைந்தாலும் கார் சுழலாது.

7. டிஃபரன்ஷியல்: வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவுவது இது. இதனுள் ஊற்றும் எண்ணெய் தடித்திருந்தால் இரு சக்கரங்களும் ஏறத்தாழச் சேர்ந்தே சுழலும். நேர்ப்பாதையில் கார் நிலையாக இருக்கும். ஆனால் தளத்தில் பிடி குறைவானால், விசை கொடுக்கும்போது இரு பின்சக்கரங்களும் ஒருசேர வழுக்கக்கூடும்.

8. பற்சக்கர விகிதம்: டிடி-02 காரில் 70 பற்கள் கொண்ட ஸ்பர் கியரும் 22 பற்கள் கொண்ட பினியனும் உள்ளன; உள்விகிதம் 2.6. ஆகவே 70 ÷ 22 × 2.6 = 8.27. அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 198 மி.மீ. என்பதால், மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் சுமார் 24 மி.மீ. நகர்கிறது. பினியன் பற்களைக் கூட்டினால் உச்ச வேகம் உயரும். மோட்டாரின் வெப்பமும் உயரும். சிறிய தளத்தில் உச்ச வேகத்தால் பெரிய பயன் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

அறிவியல் ஆய்வில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்பது விதி. இங்கும் அதுவே விதி. சுருள்வில், டயர், கேம்பர் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிய பின் கார் நன்றாக ஓடினாலும், எது உதவியது என்று தெரியாது. அடுத்த வாரம் தளம் மாறும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்கு எளிய சோதனை வட்ட ஓட்டம். ஒரு கயிற்றையும் சுண்ணக்கட்டியையும் கொண்டு 3 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, அதன் மீது வழுக்காமல் செல்லக்கூடிய அதிக வேகத்தில் காரைப் பத்துச் சுற்று ஓட்டி, நிறுத்துக் கடிகாரத்தால் மொத்த நேரத்தை அளக்க வேண்டும். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் கைப்பிழை பெரிதாகிவிடும். பத்துச் சுற்றில் அப்பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

எடுத்துக்காட்டாக, பத்துச் சுற்றுக்கு 35 நொடி ஆனதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3.5 நொடி, மையநோக்கு முடுக்கம் சுமார் 9.7 மீ/வி². பின்சுருள்வில்லை மட்டும் மென்மையாக்கிய பின் 33 நொடி ஆனால், முடுக்கம் சுமார் 10.9 மீ/வி². பிடிமானம் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்துள்ளது. பின்னர் பழைய சுருள்வில்லையே மீண்டும் பொருத்தி ஓட்ட வேண்டும். நேரம் மறுபடி 35 நொடிக்குத் திரும்பினால் முன்னேற்றத்துக்குச் சுருள்வில்லே காரணம். 33 நொடியிலேயே நின்றால், உண்மையில் மாறியது தளம்தான். தூசி விலகியிருக்கும் அல்லது டயர் சூடேறியிருக்கும். பலர் தவிர்த்துவிடும் படி இது. ஆனால் தவறான முடிவிலிருந்து காப்பதும் இதுவே. வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டால் காரின் முறுக்கமும் வெளிப்படும்.

குறிப்பேட்டில் நாள், நேரம், வானிலை, டயர் எண், தரை இடைவெளி, செய்த மாற்றம், எடுத்த நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். முழுத் தளத்தில் ஓட்டும்போது மிக விரைவான ஒரு சுற்றை மட்டும் பார்க்காமல் ஐந்து சுற்றுகளின் நேரத்தையும் பார்க்க வேண்டும். 14.1, 14.2, 14.3, 14.6, 15.9 என்று ஓடும் காரைவிட, ஐந்து சுற்றையும் 14.4 நொடியில் முடிக்கும் கார் பந்தயத்தில் முன்னே வரும்.

அறிகுறியும் முதல் தீர்வும்

வளைவில் நுழையும்போது முன்வழுக்கல்: முன்டயரைத் துடைக்கவும், முன்சுருள்வில்லை ஒரு படி மென்மையாக்கவும்.

வளைவிலிருந்து வெளியேறும்போது பின்வழுக்கல்: பின்சுருள்வில்லை மென்மையாக்கவும், டோ-இன்னை 3 பாகையாக்கவும். விசையைச் சீராகக் கொடுக்கப் பழகவும்.

மேட்டில் துள்ளி வழி மாறுதல்: எண்ணெயின் எண்ணைக் குறைக்கவும், தொங்கு நீளத்தையும் தரை இடைவெளியையும் சிறிது கூட்டவும்.

பிடிமானம் மிகுந்து வளைவில் கவிழ்தல்: தரை இடைவெளியைக் குறைக்கவும், முன்டயரைக் கடினமானதாக மாற்றவும்.

ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்புதல்: சீரமைப்பை விட்டுவிட்டு, இயந்திர நலச் சோதனைக்குத் திரும்பவும்.

வெப்பமும் பாதுகாப்பும்

இக்கார்களில் பயன்படும் லித்தியம் பாலிமர் மின்கலத் தொகுதி, லைபோ பேட்டரி எனப்படுகிறது. இரண்டு கலங்கள் கொண்ட தொகுதியின் பெயரளவு மின்னழுத்தம் 7.4 வோல்ட்; முழுமையாக மின்னேற்றிய நிலையில் 8.4 வோல்ட். இதற்குரிய மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்னேற்றும்போது அருகிலேயே இருக்க வேண்டும். இரவில் மின்னேற்றிவிட்டு உறங்கக் கூடாது. உப்பிய அல்லது அடிபட்ட கலத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இதை வைத்துச் செல்வது ஆபத்தானது. பயிற்சி இடத்தில் ஒரு வாளி உலர்மணல் வைத்திருப்பது நல்லது.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் ஒன்றரைக் கிலோ பொருள் கணுக்காலை முறிக்கவல்லது. பொதுச்சாலையில் இக்காரை ஓட்டக் கூடாது. வளாகத்திலும் நடப்பவர்களோ குழந்தைகளோ வரும் பாதையை நிறுத்துக் கூம்புகளால் பிரித்த பின்னரே ஓட்ட வேண்டும். காரை இயக்கும்போது முதலில் கையிலுள்ள அனுப்பியையும், நிறுத்தும்போது கடைசியாக அனுப்பியையும் கையாள வேண்டும். இவ்வரிசை மாறினால் கார் கட்டுப்பாடின்றிப் பாயக்கூடும்.

கல்விப் பயன்

வட்ட இயக்கம், உராய்வு, ஈர்ப்பு மையம், பாகுநிலை, பற்சக்கர விகிதம், அளவீட்டுப் பிழை ஆகிய பாடங்கள் அனைத்தும் ஒரே காரில் அடங்கியுள்ளன. பள்ளி அறிவியல் மன்றங்கள் ஒரு காரையும், ஒரு வெர்னியர் அளவியையும், ஒரு நிறுத்துக் கடிகாரத்தையும் கொண்டு இவ்வட்டச் சோதனையை ஒரு மாலையில் நடத்திவிடலாம். ஒரு மாணவர் ஓட்டவும், ஒருவர் நேரம் அளக்கவும், ஒருவர் எழுதவும், மற்றவர்கள் முன்வழுக்கலா பின்வழுக்கலா என்று கவனித்துச் சொல்லவும் வாய்ப்புண்டு. எழுதி வைத்த அந்த அட்டவணையே அடுத்த முறை தளத்துக்குச் செல்லும்போது தொடக்கப் புள்ளியாகும்.